சோளத் தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

அர்ச்சனை இல்ல சாமி, தட்டை அப்படி வச்சிடுங்க. நான் வந்தது வேற விஷயம். கூட்டம் போகட்டும்னுதான் இவ்வளவு நேரம் அந்தத் தூணாண்ட ஒக்காந்துக்கினு இருந்தேன். நீங்க புதுசா வந்த ஐயருன்னாங்க. தஞ்சாவூர்ப் பக்கமாமே? நல்லது. முன்ன இருந்தவருக்குக் காது கேக்காது. அவராண்ட இதைச் சொல்லணும்னா கோயில் முழுக்கக் கேக்கற மாதிரி கத்திச் சொல்லணும். அதனாலயே சொல்லாம விட்டுட்டேன்.

என் தமிழ் புரியுதில்ல? எங்க பாட்டன் ஆற்காட்டுப் பக்கத்துலேர்ந்து இந்தத் தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்பு வெட்டக் கப்பல்ல வந்தப்போ மூட்டையோட கொண்டாந்த தமிழ் இது. அதுக்கப்புறம் நாங்க புதுசா ஒண்ணும் வாங்கல. என் பேரப்பசங்களுக்கு இதுவும் கிடையாது, எல்லாம் இங்கிலீஷ்தான். நீங்க சிரிச்சாலும் பரவாயில்ல, கேட்டுக்குங்க.

கேள்வி ஒண்ணுதான் சாமி. பெத்த பிள்ளையை ஒருத்தியாண்ட தவிட்டுக்குக் குடுத்துட்டு, திருப்பி வாங்காமலே விட்டுட்டா, இத்தனை வருசம் கழிச்சு வாங்க வழி இருக்குதா? அதுவும், வாங்கினவ எதிர்ல இல்லாம வாங்கலாமா? சாஸ்திரத்துல எங்கனா சொல்லியிருப்பாங்களே.

தவிட்டுக்குக் குடுக்கறதுன்னா தெரியுமில்ல? நீங்க பெரிய கோயில்காரங்க, இதெல்லாம் எங்களை மாதிரி ஜனங்க பண்றது. பிள்ளை பொறந்து பொறந்து செத்துப்போற வூட்ல, அடுத்தது பொறந்ததும் முறத்துல போட்டு வேற ஒருத்திக்குக் குடுத்துடறது. அவ ஒரு படி தவிடு குடுத்து வாங்கிப்பா. சாவு வந்து எட்டிப் பாக்கும். இது இந்த வூட்டுப் பிள்ளை இல்லைன்னு நினைச்சுக்கினு போயிடும். வாங்கினவ, என் பிள்ளையை வளத்துக் குடுன்னு நம்மகிட்டயே விட்டு வைப்பா. நாம வளக்கலாம். ஆனா அம்மா நாம இல்ல. 

எனக்கு மூணு போச்சு சாமி. மூணாவது முகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சப்புறம் போச்சு. அது சிரிக்காமலே போயிருக்கலாம்னு நான் அழுதிருக்கேன். அப்புறம் இவன் பொறந்தான். இதே டர்பன்ல, கேட்டோ மேனர்ங்கற பேட்டையில, எங்க சொந்த வூட்ல, மாமரத்துப் பக்கத்து அறையில. பொறந்தப்போவே தலை நிறைய சுருட்டை முடி, எங்க அப்பன் முடி. பிச்சை எடுத்த பிள்ளைன்னு பேர் வைக்கணுமே, பிச்சாண்டின்னு வச்சோம். கூப்பிடறது பிச்சா.

சரி, யாராண்ட குடுக்கறது? நம்ம ஜனங்க ஒருத்தி முன்ன வரல. எதிர்வூட்டு நாயுடம்மா நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே கதவைச் சாத்திக்கினா. எனக்கு அத்தை முறை ஒருத்தி, எங்க வூட்டுச் சோறு எவ்வளவோ தின்னவ, அவகூட, 'லோகாம்பா, எம்பிள்ளைங்க நல்லா இருக்கறது பிடிக்கலையா உனக்கு?'ன்னா. குத்தம் சொல்லக் கூடாது. வாங்கறவ வூட்டுக்கு அந்தச் சாவு போயிடுமோன்னு பயம். யாருக்குத்தான் பயம் இருக்காது.

அப்பதான் தொக்கோ கேட்டா. எங்க நிலத்துல கீழ்ப்பக்கம் தகரக் கொட்டாய் போட்டு இருந்தா, ஜூலுக்காரி. எங்க வூட்ல துணி துவைப்பா. சின்ன வயசுலேர்ந்து தமிழ்க்காரங்க வூட்டாண்டயே வளந்ததால நம்மளவிட நல்லா தமிழ் பேசுவா. அவ பேரு ஊறுகாய் பேர் மாதிரி இருக்குதுன்னு எங்க வூட்டுக்காரர் கேலி பண்ணுவார். அவளும் சிரிப்பா. அவளுக்கும் ரெண்டு பிள்ளைங்க, தூரத்துல மலைப்பக்கம் அவ அம்மாவாண்ட இருந்தாங்க. அவளுக்குப் பயம் இருக்கக் கூடாதா சாமி? இருந்திருக்கும். ஆனா ஈரக் கையைப் பாவாடையில தொடைச்சிக்கினே வந்தா.

'எங்கிட்ட குடு லோகா. உங்க சாவுக்கு எங்க கொட்டாய்க்கு வழி தெரியாது'ன்னா.

இந்த ஊர்ல நெல்லு ஏது, நெல்லுத் தவிடு ஏது? ஒரு கிண்ணம் சோளத் தவிடு கொண்டாந்து என் மடியில கொட்டினா. முறத்தோட பிள்ளையைத் தூக்கிக்கினு போயிட்டா. அன்னிக்குப் பொழுதெல்லாம் அவ கொட்டாய்லதான் இருந்தான். பால் கட்டிக்கினு நான் இங்க துடிக்கறேன். பொழுது சாயறப்போ கொண்டாந்தா. 'என் பிள்ளையை நல்லா வளத்துக் குடு, எளைச்சுப் போச்சுன்னா கேப்பேன்'ன்னு எம்மேல அதிகாரம் பண்ணிட்டுப் போனா. எல்லாரும் சிரிச்சோம்.

பிள்ளை தங்கிடுச்சு சாமி. காச்சல் வந்தாலும் மறுநாளே எழுந்து ஓடுவான்.

அவனுக்குப் பேச்சு வந்ததும் பழக்கினோம். தொக்கோதான் அம்மா, நான் அக்கா. அப்படித்தான் கூப்பிடணும், சாவு காதுல வேற மாதிரி விழுந்துடக் கூடாது. திருப்பி வாங்கறது ஒண்ணும் பெரிய காரியமில்ல. புதுச் சீலை ஒண்ணும் ஒரு படி அரிசியும் அவ கையில குடுத்து, 'எம்பிள்ளையை எனக்குக் குடு'ன்னு கேட்டு வாங்கிக்கணும், அவ்வளவுதான். அன்னிலேர்ந்து நான் அம்மா. மொட்டை போடறப்போ வாங்கிக்கலாம்னு இருந்தோம். கிட்ட வர வர எனக்குப் பயம். வாங்கிட்டா மறுபடி எங்க பிள்ளை ஆயிடுவானே, சாவு எங்கனா வாசல்ல காத்துக்கினு இருந்தா? சரி, காது குத்தறப்போ பாத்துக்கலாம். காதும் குத்தியாச்சு. பள்ளிக்கூடம் போகட்டும்னேன். நல்லா இருக்கறதை ஏன் கலைக்கணும்? அக்கான்னு கூப்பிட்டா என்ன, கூப்பிடறதுக்கு ஒரு பிள்ளை இருக்குதே, அது போதும்னு இருந்தேன்.

போதும்னுதான் சாமி இருந்தேன். ஆனா அவன் ஓடிப்போய் அவ இடுப்பைக் கட்டிக்கினு அம்மாங்கறப்போ கையில இருக்கற பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமா வைப்பேன். அது எல்லாத் தாய்க்கும் இருக்கறதுதானே.

ஒண்ணு சொல்லிடறேன். எங்க வூட்ல வித்தியாசமே கிடையாது. வெள்ளக்காரன் மாதிரி நாங்க நடத்தினதே இல்ல. பின்வாசப்படியில ஒக்காந்து நாங்க தின்ன அதே சோறுதான் அவளும் தின்னா. அவளுக்குன்னு தனி எனாமல் கப்பு வச்சிருந்தோம், வேற யாரும் அதைத் தொட மாட்டோம். அவ்வளவு மரியாதை.

அப்புறம்தான் அந்தச் சட்டம். உங்க ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க. மனுசங்களை நாலு கட்டாக் கட்டினான் வெள்ளக்காரன். வெள்ளை ஒரு கட்டு, கலப்பு ஒரு கட்டு, இந்தியன் ஒரு கட்டு, ஆப்பிரிக்கக்காரங்க ஒரு கட்டு. ஒரு கட்டு இருக்கற தெருவுல இன்னொரு கட்டு இருக்கக் கூடாது. தபாலாபீஸ்ல தனித்தனி சன்னல், பார்க்குல தனித்தனி பெஞ்சு, கடல்லகூட அவனுக்கு ஒரு கரை, நமக்கு ஒரு கரை. மனுசனைப் பொறப்பை வச்சுப் பிரிக்கறது எவ்வளவு பெரிய பாவம் சாமி! இந்தியாவுல இருக்கற உங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது.

கேட்டோ மேனர் இனிமே வெள்ளக்காரங்களுக்குன்னு சொல்லிட்டான். மாமரத்தோட வூட்டை வுட்டுட்டு, இதோ இந்தச் சாட்ஸ்வர்த்துக்கு லாரியில வந்து எறங்கினோம். ஒரே மாதிரி வரிசை வரிசையா வூடு, எது நம்ம வூடுன்னே தெரியாது, எங்க வூட்டுக்காரர் ரெண்டு நாள் பக்கத்து வூட்டுக் கதவைத் தட்டினார். தொக்கோவை ஊருக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்கக்காரங்க கட்டுக்குன்னு ஒதுக்கின குவாமாஷூவுக்கு அனுப்பினான். அவங்க ஜனங்களுக்கு ஒரு பாஸ் புத்தகம் உண்டு. அதை எப்பவும் இடுப்புல சொருகிக்கினு திரியணும். எங்க இருக்கலாம், எங்க வேலை செய்யலாம்னு எல்லாம் அதுலதான் இருக்கும். எங்க பேட்டைக்குள்ள வர்றதுக்கு அவ புத்தகத்துல இடம் இல்ல. 

ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா வந்துடுவா. ரெண்டு பஸ் மாறி வருவா. பிச்சா காலையிலேயே போய் பஸ் நிக்கற எடத்துல ஒக்காந்துக்குவான். அவ எறங்கினதும் அந்தத் தெரு மொத்தத்துக்கும் கேக்கற மாதிரி அம்மான்னு கூவிக்கினு ஓடுவான். எட்டு வயசுப் பையன். மெதுவா கூப்பிடுடான்னு சொல்லிப் பாத்தேன். புதுப் பேட்டை, புது ஜனங்க, யார் எப்படின்னு தெரியாது. அவனுக்கு அதெல்லாம் எங்க புரியும்.

யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க சாமி. எவ வாயின்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சும்மா விட மாட்டேன். எங்க வூட்ல, படையாச்சி வூட்ல, ஒரு கருப்புப் பிள்ளை வளருது, சுருட்டை முடி, அது இந்தியப் பிள்ளையே இல்ல, ஜூலுக்காரியாண்ட வாங்கினதுன்னு, யார் எந்தக் கட்டுன்னு எழுதற ஆபீசுக்குச் சொல்லிட்டாங்க. குடி கெடுக்கறவளுங்க. நான் என்ன பண்ணேன் அவளுங்களுக்கு? குழாயடியில எல்லாராண்டயும் நல்லாத்தான் பேசிக்கினு இருந்தேன். இவனைத் தொக்கோவுக்குத் தவிட்டுக்கு வித்துட்டேன்னு நானே சிரிச்சிக்கினு சொல்லியிருக்கேன். அதைப் போய் ஒருத்தி இப்படித் திருப்புவாளா?

ஆபீசுலேர்ந்து ஆள் வந்து கூப்பிட்டுட்டுப் போனான். வூட்டுப் பிரசவம், ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது. பிரசவம் பாத்தவளும் செத்துப்போயிட்டா. பிள்ளையோட நாங்க ரெண்டு பேரும் வரணும், அந்த ஜூலுக்காரியும் வரணும்னுட்டான். அவளுக்கு எப்படிச் சொல்லியனுப்பறதுன்னு நாங்க முழிக்கறோம், அவளே எப்படியோ சேதி தெரிஞ்சு, பாஸ் புத்தகத்தைத் துணியில சுத்திக்கினு வந்து எங்களுக்கு முன்ன அங்க நிக்கறா.

என்ன ஆகும்னு தெரியுமா சாமி? இவன் இந்தியன் இல்லைன்னு அந்த வெள்ளக்காரன் ஒரு முத்திரை குத்தினா, பிள்ளை எங்க வூட்ல இருக்கக் கூடாது. எங்க பேட்டையில இருக்கக் கூடாது. எங்க பள்ளிக்கூடத்துல படிக்கக் கூடாது. சாவுக்கு ஒளிச்சு வளத்த பிள்ளையை ஒரு குமாஸ்தா தூக்கிக்கினு போயிடுவான். எங்க வூட்டுக்காரர் வழியெல்லாம் தொப்பியைக் கையில வச்சு சுத்திக்கினே வந்தார்.

அந்த ஆபீசர் நல்லா சீவின தலை, மரியாதையாத்தான் பேசினான். பிச்சாவைக் கிட்ட கூப்பிட்டு நகத்தைப் பாத்தான். உதட்டைத் தூக்கி ஈறைப் பாத்தான். தலைமுடிக்குள்ள பென்சிலைச் சொருகிட்டு, குனியச் சொன்னான். பென்சில் விழுதான்னு பாக்கறான், நின்னுட்டா ஆப்பிரிக்க முடின்னு கணக்கு. எங்க அப்பன் முடி சாமி அது, அதுல எதைச் சொருகினாலும் விழாது. விழல. அவன் பென்சிலைத் திருப்பி எடுத்துத் துடைச்சு மேசையில வச்சான். அப்புறம் பிள்ளையாண்ட கேட்டான். பக்கத்துல டை கட்டின நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தன், அவன்தான் தமிழ்ல சொன்னான்: 'பயப்படாத தம்பி. உங்க அம்மா யாரு, காட்டு.'

பிச்சா நேரா தொக்கோவைக் காட்டினான்.

காட்டாம என்ன பண்ணுவான்? நாங்கதானே பழக்கினோம். எங்கிட்ட திரும்பிக்கூடப் பாக்கல. போய் அவ பாவாடையைப் பிடிச்சிக்கினான்.

நான் சொன்னேன் சாமி. அவ எங்க வூட்டு வேலைக்காரி, கொஞ்சம் புத்தி சரியில்லாதவ, தன் பிள்ளைங்க கிட்ட இல்லாத ஏக்கத்துல எம்பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துட்டா, இனிமே வூட்டுப் பக்கம் சேக்க மாட்டேன்னேன். சொல்லித்தானே ஆவணும்? தவிட்டுக் கதையை அந்த வெள்ளக்காரனுக்கு எப்படிப் புரிய வைக்கறது? வித்தோம்னு சொன்னா, வித்துட்டீங்களான்னு எழுதிக்குவான். நீங்களே சொல்லுங்க, வேற என்ன சொல்லியிருக்க முடியும்? துணி துவைச்சவதானே, வேலைக்காரின்னா பொய்யா அது?

அவன் தொக்கோவாண்ட திரும்பி ஜூலுவுல கேட்டான், பிள்ளை உன்னுதான்னு. அவ ஒரு நிமிசம் என்னைப் பாத்தா. அப்புறம் தலையைக் குனிஞ்சிக்கினு, 'இல்ல ஐயா, நான் வேலைக்காரி. எனக்குப் புத்தி சரியில்ல. பிள்ளை அந்தம்மாவோடது'ன்னா. நான் சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே சொன்னா. சொல்லிக்கினே பாவாடையிலேர்ந்து பிச்சா விரலை ஒண்ணொண்ணா எடுத்து விட்டா.

ஆபீசர் எங்க வூட்டுக்காரர் முகத்தையும் பிள்ளை முகத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, சரின்னுட்டான். இந்தியன். முத்திரை விழுந்துச்சு. எனக்குப் போன உசுரு வந்துச்சு.

கிளம்பறப்போ அவளோட பாஸ் புத்தகத்தைக் கேட்டான். புரட்டினான். 'இவ உங்க வேலைக்காரின்னீங்களே, உங்க பேர்ல பதிஞ்சிருக்குதா?'ன்னு எங்கிட்ட கேட்டான். பதிஞ்சிருந்தா அவ டர்பன்ல இருக்கலாம். பதியலைன்னா ஊரை விட்டே அனுப்பிடுவான், அந்த மலைப்பக்கத்துக்கு, திரும்பி வரவே முடியாது. டை கட்டின பையன் நல்ல பையன். கேள்வியைத் தமிழ்ல சொல்றப்போவே கூட ஒரு வார்த்தை சேத்துச் சொன்னான்: 'பதிய மறந்துட்டோம், இந்த வாரமே பதியறோம்னு சொல்லுங்கம்மா. விட்டுடுவார்.'

நான் இல்லைன்னேன்.

அது நெசம் சாமி. நாங்க பதியல. அன்னிக்கி அந்த ஆபீசுல நான் சொன்ன ஒரே நெசம் அதுதான். பயம், வேற ஒண்ணுமில்ல. மறுபடி எதனா கேட்டு, முத்திரையைத் திருப்பி அழிச்சிட்டா? அந்தப் பையன் என்னையே பாத்துக்கினு நின்னான், இன்னொரு தடவைகூடக் கேட்டான். பிள்ளை மறுபடி அவ பாவாடையைப் பிடிச்சிக்கினு இருந்தான். நான் அந்தக் கையைத்தான் பாத்துக்கினு இருந்தேன். இல்ல, பதியல, எனக்கும் அவளுக்கும் ஒண்ணுமில்லன்னேன்.

அந்த வாரமே அனுப்பிட்டாங்க. நான் போய்ப் பாக்கல. எப்படிப் போறது, எங்க பேட்டைக்காரங்க அவங்க பேட்டைக்குப் போகக் கூடாதே. சட்டம் அப்படி.

பிச்சா அடுத்த ஞாயித்துக்கிழமையும் பஸ் நிக்கற எடத்துக்குப் போனான். அதுக்கடுத்த வாரமும் போனான். அப்புறம் ஒரு நாள் நான் அவனுக்குத் தலை வாரி விட்டுக்கினே நல்லதனமா சொன்னேன்: 'இனிமே என்னை அம்மான்னு கூப்பிடுடா கண்ணு. அவ போயிட்டா. இனிமே நான்தான்.' அவன் ஒண்ணும் கோச்சிக்கல சாமி. பெரிய மனுசன் மாதிரி என்னைத் திரும்பிப் பாத்து, 'நீ இன்னும் வாங்கலையே அக்கா'ன்னான்.

அதுக்கு நான் என்ன சொல்லட்டும்? குழந்தை, தெரியாம சொல்லுதுன்னு விட்டுட்டேன். கல்யாணத்துக்குள்ள சரியாயிடும்னேன். கல்யாணமும் ஆச்சு. மணையில ஒக்காந்துக்கினு, 'அக்கா, இந்த மாலையைப் பிடி'ங்கறான். பொண்ணு வூட்டுக்காரங்க என்னை அவன் அக்கான்னே நினைச்சிக்கினாங்க. நல்லா இளமையா இருக்கீங்கன்னு ஒருத்தி வந்து சொன்னா. நானும் சிரிச்சேன்.

குறை சொல்லக் கூடாது. அவன் என்னை நல்லாத்தான் பாத்துக்கறான். அவங்கப்பா போனப்புறம் வாரம் தவறாம வருவான், மருந்து வாங்கிக் குடுப்பான், கண்ணாஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிக்கினு போனான். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. அந்த ஒரு சொல்லு மட்டும் வரல.

சட்டம் போச்சு, எல்லாரும் ஒண்ணா ஓட்டுப் போட்டோம், தெரியுமில்ல. அந்த வரிசையில நானும் நின்னேன், எனக்கு முன்ன ஒரு வெள்ளக்காரி, பின்ன ஒரு ஜூலுக்காரி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. அன்னிக்குப் பொழுது சாயறப்போ பிச்சா வண்டியை எடுத்துக்கினு மலைப்பக்கம் போனான். எங்கடான்னு கேட்டதுக்கு, பாத்துட்டு வரேன்னான். ஒரு தடவை போய் ஆகல, பல தடவை போனான். கடைசியில தொக்கோவை அவன் வூட்டுக்கே கூட்டிக்கினு வந்துட்டான். வூட்டுக்குப் பின்னாடி கொட்டாய் கிட்டாய்னு இல்ல, வாசப்பக்கம், வெயில் வர்ற அறை. அவ பெத்ததுல ஒண்ணு மலையில பசியில செத்துப்போச்சாம், இன்னொண்ணு சுரங்க வேலைக்குப் போனது திரும்பலையாம். கேட்டப்போ எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. மூணு பிள்ளையைச் சாவுக்குக் குடுத்தவளுக்குத் தெரியாதா அது?

நான் ரொம்ப நாள் அந்த வூட்டுக்குப் போகல. முட்டி வலின்னு சொல்லிக்கினு இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். இப்பதான் அவளே வந்துட்டாளே, வாங்கிட வேண்டியதுதானே? அப்ப வாங்காம விட்டதுதான் நான் பண்ண தப்பு. அதை நான் ஒத்துக்கறேன் சாமி. மொட்டை போட்டப்போவே சீலையும் அரிசியும் குடுத்து வாங்கியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? அந்தக் குத்தம்தான் என்னைத் தூங்க விடல. அதைத் தவிர நான் யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்ல.

போன வெள்ளிக்கிழமை போனேன். நல்ல சீலையா, மஞ்சள்ல சிவப்பு கரை போட்டதா எடுத்துக்கினு, அரிசியும் கட்டிக்கினு போனேன். பிச்சா வேலைக்குப் போயிருந்தான். அவ சன்னலாண்ட ஒக்காந்துக்கினு இருந்தா. தலை பஞ்சாப் போச்சு. என்னைப் பாத்ததும் எழுந்திரிக்கப் பாத்தா, நான்தான் வேணாம்னேன். 'லோகா, எளைச்சுப் போயிட்டியே'ன்னா. தமிழ் அப்படியே இருக்குது சாமி. அந்த மலையில யாராண்ட பேசியிருப்பா?

நான் சுத்தி வளைக்கல. மூட்டையைப் பிரிச்சு அவ மடியில வச்சேன். 'தொக்கோ, எம்பிள்ளையை எனக்குக் குடு'ன்னேன். வழக்கப்படி கேக்கணுமே.

அவ சீலையைத் தடவிப் பாத்தா. நல்லா இருக்குதுன்னா. அரிசியை ஒரு பிடி எடுத்துப் பாத்துட்டு மறுபடி போட்டா. அப்புறம் ரெண்டையும் பதமா மடிச்சு, முடிச்சுப் போட்டு, எங்கிட்டயே நீட்டினா.

'நான் வேலைக்காரிதானே லோகா. வேலைக்காரி எப்படிப் பிள்ளையைக் குடுக்க முடியும்?'

கோவமா சொல்லியிருந்தா நான் அவ காலைப் பிடிச்சிருப்பேன் சாமி. சத்தியமா பிடிச்சிருப்பேன். கோவமே இல்ல. சொல்லிட்டு, மருமவளைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னா. எனக்கு என்ன தோணுதுன்னா, அவளுக்கு வயசாயிடுச்சு, நடந்தது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்பிப் போச்சு. அன்னிக்கி ஆபீசுல நாங்க சும்மா சொன்னதை நெசம்னு நினைச்சிக்கினு இருக்கறா. அப்படித்தானே இருக்கும்? வேற எப்படி எடுத்துக்கறது அதை? நான் டீயைக் குடிக்காம வந்துட்டேன்.

அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். அவ இடத்துல ஒரு கலசத்தை வச்சு, நான் இந்தச் சீலையையும் அரிசியையும் அதுக்கு முன்னால வச்சு, நீங்க ஒரு மந்திரம் சொல்லி, பிள்ளை திரும்ப வந்துட்டான்னு முடிச்சுக் குடுங்க. மனுசங்களுக்குத் தெரிய வேணாம். அம்மனுக்குத் தெரிஞ்சா போதும். நான் போறதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் வாயால கேட்டுட்டா போதும்.

சொல்லுங்க சாமி. மந்திரம் இருக்குதா இல்லையா? வாங்கினவ கையாலதான் குடுக்கணும்னு சொல்லாதீங்க. அது எனக்கும் தெரியும்.

இருங்க, அவன் வந்துட்டான். அதோ செருப்பைக் கழட்டறான் பாருங்க, நரைச்ச சுருட்டைத் தலை. இன்னிக்கி அவன் வூட்ல சாப்பாடு, கூட்டிக்கினு போக வந்திருக்கான். நான் முட்டி வலின்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. மூட்டையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்தி வைங்க சாமி, அவன் கண்ணுல பட வேணாம். 

ஆங், இங்கதான் இருக்கேன்டா. ஐயராண்ட பேசிக்கினு இருக்கேன். என்ன? என்ன சொல்ற?

கேட்டீங்களா சாமி, அவன் சொன்னதை? 'வா அக்கா, அம்மா நீ வந்தாதான் சாப்பிடுவேன்னு இலையைப் போட்டுட்டு ஒக்காந்திருக்காங்க'ங்கறான்.